எண்களுக்குள் மறையும் வாசகர்: பயனர் நடத்தைப் பகுப்பாய்வுக் கருவிகள் – ஓர் ஒப்பீடு

அச்சிதழ்க் காலத்தில் தமிழ் வாசகரை அறிய எளிய வழிகள் இருந்தன. சந்தாப் பதிவேடு, முகவர் திருப்பி அனுப்பும் விற்காத படிகள், ஆசிரியருக்கு வரும் கடிதங்கள், நூலகத்தின் இரவல் ஏடு ஆகியவற்றைக் கொண்டு ஓர் இதழ் தன் வாசகரை ஓரளவு கணித்துவிடும். 1924ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் காலம் பெரும்பாலும் அத்தகையது. இன்று நம் அமைப்புகளும் பள்ளிகளும் கோயில்களும் இணையத்தளம் நடத்துகின்றன; சில செயலிகளையும் வெளியிடுகின்றன. வாசகர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பவை ஒரு கருவி தரும் எண்களே.

இக்கருவிகளைப் பயனர் நடத்தைப் பகுப்பாய்வுக் கருவிகள் என்கிறோம். வணிகத்துக்காக உருவானவை இவை. எனினும் இவற்றின் எண்கள் வணிகத்துக்கு வெளியேயும் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. ஒரு நிறுவனத்தின் தளத்தில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு பகுதிகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஆண்டிறுதியில் அறிக்கையைப் பார்ப்பவர், "தமிழ்ப் பயனர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையே" என்று கூறித் தமிழ்ப் பகுதியை நீக்கப் பரிந்துரைக்கலாம். அந்த எண் எதை எண்ணியது என்று கேட்கத் தெரிந்தவர் அவையில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இவ்வுரையின் நோக்கம் அவ்வளவே.

எண்ணப்படுவது யார், எது?

முதலில் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம்.

'பயனர்' என்பது மனிதரைக் குறிப்பதாகத் தோன்றும். கருவியின் வழக்கில் அது பெரும்பாலும் ஓர் உலாவியையோ ஒரு திறன்பேசியில் நிறுவப்பட்ட ஒரு செயலியையோ குறிக்கும். இணையத்தளம் தன் அடையாளமாக உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பைக் 'குக்கி' என்பர். அக்குறிப்பு இருந்தால் பழைய பயனர்; இல்லையெனில் புதியவர். அலுவலகக் கணினியிலும் கைப்பேசியிலும் நம் தளத்தைப் படிக்கும் ஒருவர் இரு பயனராவார். ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பாட்டியும் பேரனும் ஒரு பயனராவர். ஆப்பிளின் சபாரி உலாவி, நிரல்வழி எழுதப்படும் குக்கிகளை 7 நாள்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆகவே மாதம் ஒருமுறை வெளிவரும் நம் சொற்பொழிவு நூலைத் தவறாமல் வந்து படிக்கும் ஐபோன் வாசகர், ஒவ்வொரு மாதமும் புதியவராகவே கணக்கில் ஏறுவார். நிலையான வாசகர் நமக்கு இல்லை என்று அறிக்கை கூறினால், அதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

'அமர்வு' என்பது ஒருவர் வந்தது முதல் நீங்குவது வரையிலான காலம். நீங்குபவர் சொல்லிக்கொண்டு போவதில்லையாதலால், 30 நிமிடம் அசைவின்றி இருந்தால் அமர்வு முடிந்ததாகப் பல கருவிகள் கொள்கின்றன. நீண்ட கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டு உணவருந்தச் சென்று திரும்புபவர் ஈரமர்வுக்கு உரியவராகிறார்.

'நிகழ்வு' என்பது பயனர் செய்யும் ஒரு செயல்: பக்கத்தைத் திறத்தல், பொத்தானை அழுத்துதல், ஒலிப்பதிவைக் கேட்டல், சொல்லைத் தேடுதல். இணையத்தளத்துக்குப் 'பக்கம்' அடிப்படை அலகு. செயலியில் பக்கம் என்பதே இல்லை. திரைகளும் நிகழ்வுகளும்தாம் உண்டு. மேலும், செயலி இணைப்பில்லா நேரத்திலும் இயங்கும். அப்போது நடந்தவற்றைச் சேமித்து வைத்து, இணைப்புக் கிடைத்தபின் அனுப்பும். இதனாலேயே இணையத்தளத்துக்கு ஏற்ற கருவி செயலிக்கும் ஏற்றதாக இருக்கும் என்று கொள்ளுதல் ஆகாது.

நால்வகைக் கருவிகள்

ஜார்ஜ் டவுனில், தமிழர் கடைத்தெரு என வழங்கிய மார்க்கெட் தெருவில் ஒரு துணிக்கடை இருப்பதாகக் கொள்வோம். அக்கடைக்காரர் தம் வாடிக்கையாளரை நான்கு வகையில் கவனிக்கலாம். வாயிலில் எத்தனை பேர் நுழைந்தனர் என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் தம் கணக்கேட்டிலேயே எழுதலாம். யார் எந்த அடுக்கின்முன் நின்றார், எதைத் தொட்டுப் பார்த்தார் என நோக்கலாம். தீபாவளிக்கு வந்தவருள் எத்தனை பேர் பொங்கலுக்கும் வந்தனர் என ஆராயலாம். கருவிகளும் இந்நான்கு வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, வருகையை அளப்பது. இதில் கூகுள் அனலிட்டிக்ஸ் பரவலாக அறியப்பட்டது. 2005ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் 'அர்ச்சின்' என்னும் நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியை இப்பெயரில் இலவசமாக வழங்கியது. பக்கப் பார்வையையும் அமர்வையும் அடிப்படையாகக் கொண்ட அதன் முந்தைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. இன்றுள்ள நான்காம் வடிவம் அனைத்தையும் நிகழ்வாகவே எண்ணுகிறது. இணையத்தளத்தையும் செயலியையும் ஒருசேரக் காட்ட வல்லது. செலவில்லை, வசதிகள் மிகுதி. ஆனால் தரவு கூகுளின் வழங்கியில் தங்கும். இலவச வடிவில் தனிப்பயனர் அளவிலான தரவை 2 மாதம் அல்லது 14 மாதம் மட்டுமே வைத்திருக்க இயலும். பத்தாண்டு வாசிப்புப் போக்கை ஆராய விரும்பும் மொழி அமைப்பு இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, நம் கணக்கை நாமே வைத்துக்கொள்வது. 2007ஆம் ஆண்டு 'பிவிக்' எனத் தொடங்கி 2018ஆம் ஆண்டு 'மட்டோமோ' எனப் பெயர் மாறிய திறமூலக் கருவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதனை நம் சொந்த வழங்கியில் நிறுவலாம். குக்கி இன்றியும் இயக்கலாம். தரவு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என நாமே முடிவு செய்யலாம். விலை, பராமரிப்பு என்னும் வடிவில் வரும்: வழங்கியைப் புதுப்பிக்கவும் பாதுகாக்கவும் ஒருவர் வேண்டும். எஸ்தோனியாவைச் சேர்ந்த 'பிளாசிபிள்' இன்னும் எளியது. குக்கி இல்லை, தனிமனிதரைத் தொடர்வதில்லை, முழு அறிக்கையும் ஒரே திரையில் அடங்கிவிடும். ஆழ்ந்த கேள்விகளுக்கு அதனிடம் விடை கிடைக்காது.

மூன்றாம் வகை, பக்கத்தினுள் நடப்பதைக் காட்டுவது. 2014ஆம் ஆண்டு மால்டாவில் தொடங்கிய ஹாட்ஜார், 2020ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் இலவசமாக வெளியிட்ட கிளாரிட்டி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனத்தின் பேஜ்சென்ஸ் ஆகியவை இவ்வகையின. இவை 'வெப்பப்படம்' வரைகின்றன: மிகுதியாகத் தொடப்பட்ட இடம் சிவப்பாகவும் தொடப்படாத இடம் நீலமாகவும் தோன்றும். ஒருவர் திரையை நகர்த்தியதையும் தொட்டதையும் ஒளிப்படம் போல் மீண்டும் ஓட்டிக் காட்டும் 'அமர்வுப் பதிவு' வசதியும் இவற்றில் உண்டு. பயனின்றித் தொட்ட இடங்களையும் சினத்தோடு மீண்டும் மீண்டும் தட்டிய இடங்களையும் கிளாரிட்டி தனியே பிரித்துக் காட்டுகிறது. தமிழ்ப் பக்கங்களுக்கு இது பெரிதும் உதவும். 'பதிவுசெய்துகொள்ளுங்கள்' போன்ற நெடுஞ்சொல், ஆங்கிலச் சொல்லுக்கென அளவெடுத்த பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுண்டு நிற்பதை அறிக்கை எண் சொல்லாது. பதிவைப் பார்த்தால் உடனே விளங்கும். எனினும் பிறர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்கு ஒப்பான செயல் இது என்பதையும் மறத்தலாகாது.

நான்காம் வகை, காலப்போக்கில் பயனரின் பழக்கத்தை ஆராய்வது. மிக்ஸ்பேனல் 2009ஆம் ஆண்டிலும் ஆம்பிளிட்யூட் 2012ஆம் ஆண்டிலும் தோன்றின. 2014ஆம் ஆண்டு கூகுள் வாங்கிய பயர்பேஸ் செயலி உருவாக்குவோரிடையே பரவலானது. சோஹோவின் ஆப்டிக்ஸ் என்பதும் செயலிகளுக்கு உரியதே. இவ்வகைக் கருவிகளின் மையக் கருத்துகள் இரண்டு. ஒன்று 'புனல்': அகராதிச் செயலியை நிறுவியோர் நூறு பேரென்றால், அவர்களுள் சொல் தேடியோர் எத்தனை பேர், தேடிய சொல்லைச் சேமித்தோர் எத்தனை பேர் எனப் படிப்படியாகக் குறைவதைக் காட்டுவது. மற்றொன்று 'தக்கவைப்பு': முதல் வாரம் வந்தவருள் நான்காம் வாரமும் வந்தவர் எத்தனை பேர் என்பது. செயலி நடத்துவோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. பத்துப் பக்கமுள்ள சங்கத் தளத்துக்கோ இவை தேவையில்லை.

தமிழை எண்ணும்போது நேரும் பிழைகள்

மேற்கண்ட ஒப்பீட்டைக் கருவி விற்போரும் தருவர். அவர்கள் சொல்லாதது, தமிழ்த் தளத்தில் இவை எங்கே வழுக்கும் என்பது. மொழியியல் நோக்கில் நான்கு இடர்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, 'மொழி' என்னும் நிரல். கூகுள் அனலிட்டிக்ஸ் அறிக்கையில் மொழி என்று வருவது, வாசகரின் உலாவி அல்லது கருவி எம்மொழியில் அமைக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும். அவர் எம்மொழிப் பக்கத்தைப் படித்தார் என்பதை அது குறிக்காது. பினாங்குத் தமிழருள் கைப்பேசியின் பட்டியல்களைத் தமிழில் அமைத்திருப்போர் எத்தனை பேர் என அவையோரே எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைந்த கைப்பேசியில் நாள்தோறும் தமிழ்ச் செய்தி படிப்பவர், அறிக்கையில் ஆங்கிலப் பயனராகவோ மலாய்ப் பயனராகவோ பதிவாகிறார். முதலில் சொன்ன பரிந்துரை எழுவது இந்த நிரலைப் படிப்பதால்தான். இதற்குத் தீர்வு எளிது: ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் மொழியைக் குறிப்பாகச் சேர்த்து, பக்கத்தின் மொழிவாரியாக எண்ணச் செய்தல் வேண்டும். விக்கிப்பீடியா தன் பார்வைகளை இவ்வாறே மொழிப் பதிப்புவாரியாக எண்ணிப் பொதுவில் வெளியிடுகிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை எவரும் காணலாம். அதற்காக எந்த வாசகரும் பின்தொடரப்படுவதில்லை.

இரண்டாவது, எழுத்துக் குறியீடு. ஒருங்குறியில் 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனது. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. இணைய முகவரியில் ஒரு பைட்டு மூன்று உருக்களாக மாற்றி எழுதப்படும். ஆகவே மூன்றெழுத்துச் சொல் முகவரியில் 45 உருக்களாக நீள்கிறது. வழங்கியின் பதிவுக்கோப்பில் இவ்வாறு நீண்டு கிடப்பதைத் தமிழ் என்று எவரும் அடையாளம் காண்பதில்லை. மேலும் 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் இடுவதும், 'ரி' என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் கால் குறியை இடுவதும் நம்மிடையே பரவலான தட்டச்சு வழக்கங்கள். எண்ணுவதற்கு முன் இவற்றை ஒருமைப்படுத்தாவிட்டால் ஒரு சொல் பல வரிகளாகச் சிதறும்.

மூன்றாவது, சொல்லின் இயல்பு. தமிழ் ஒட்டுநிலை மொழி. நூலகம், நூலகத்தில், நூலகத்துக்கு, நூலகத்தின், நூலகங்கள் ஆகிய ஐந்தையும் கருவி ஐந்து தேடற்சொற்களாக எண்ணும். அவற்றுடன் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தேடியவையும் சேரும். 'எம்.ஆர்.டி.' போன்ற மாறாச் சொல் ஒரே வரியில் திரண்டு பட்டியலின் உச்சியில் நிற்க, அதனினும் மிகுதியாகத் தேடப்பட்ட தமிழ்ச்சொல் சிதறிக் கீழே கிடக்கும். இதனைக் கருவி தானே சரிசெய்யாது. தேடற்சொற் பட்டியலை மாதம் ஒருமுறை தரவிறக்கி, இலக்கணம் அறிந்த ஒருவர் அடிச்சொல்வாரியாகத் தொகுக்க வேண்டும். சிறு தளத்துக்கு இது பெரும் பணியன்று.

நான்காவது, 'ஈடுபாடு' என்னும் அளவை. கூகுள் அனலிட்டிக்ஸின் இன்றைய வடிவம், ஓர் அமர்வு 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரு பக்கங்கள் பார்க்கப்பட்டாலோ, நாம் முதன்மையெனக் குறித்த நிகழ்வு நடந்தாலோ அதனை ஈடுபாடுள்ள அமர்வாகக் கொள்கிறது. கலைச்சொல் பட்டியலில் ஒரு மாணவர் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி வருகிறார், ஆறு விநாடியில் கிடைக்கிறது, எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அவருக்கு வேண்டியது முழுமையாகக் கிடைத்தது. அறிக்கையோ அவரை ஈடுபாடற்றவர் பக்கம் சேர்க்கிறது. விற்பனைத் தளத்துக்கு வகுத்த அளவுகோல் அகராதிக்குப் பொருந்தாது. அகராதி நடத்துவோர், 'பொருள் காட்டப்பட்டது' என்பதை முதன்மை நிகழ்வாகத் தாமே வரையறுத்தல் வேண்டும். 'தேடியும் கிடைக்காத சொல்' என்பதையும் ஒரு நிகழ்வாக்கினால், அடுத்து எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு வாசகரே பட்டியல் தந்துவிடுவார். இத்துறையில் நாம் பெறக்கூடிய ஆகப் பெரும் பயன் இதுவே எனலாம்.

சட்டமும் அறிவிப்பின் மொழியும்

வாசகரைப் பற்றி அறியும் ஆவலுக்கு எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. 2022 ஜனவரியில் வெளியான தன் முடிவில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஓர் இணையத்தளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்தி வாசகர் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியது அவ்விதிமுறைக்கு முரணானது என்று தீர்மானித்தது. செயலிகளின் உலகில், 2021 ஏப்ரல் முதல் ஆப்பிள் நிறுவனம், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் செயலி அவரிடம் வெளிப்படையாக இசைவு கேட்க வேண்டும் என வகுத்தது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கை சார்ந்த தரவுக்கு உரியது. கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. தரவு திரட்டுவோர் தரும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆகவே நம் நாட்டில் தமிழில் அறிவிப்புத் தருவது சட்டக் கடமையன்று. தமிழ்ப் பக்கத்தை நாடி வந்த மூதாட்டியிடம் அவர் சரளமாகப் படிக்காத மொழியில் இசைவு பெறுவது பெயரளவுக்கே இசைவாகும் என்பதால், மொழி அமைப்புகளேனும் தமிழில் அறிவிப்புத் தருதல் வேண்டும். "உங்கள் வருகையை எண்ணுகிறோம், பெயரையோ நீங்கள் தட்டச்சு செய்வதையோ சேமிப்பதில்லை, வேண்டாமெனில் இங்கே அழுத்துங்கள்" என மூன்று வரி போதும். எழுதியபின் அது உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

இரு துறைகளில் கூடுதல் விழிப்புத் தேவை. ஒன்று, சிறுவர்க்கான செயலிகள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றின் மாணவர் பயன்படுத்தும் செயலியில் அமர்வுப் பதிவு அறவே கூடாது. மற்றொன்று, விசைப்பலகைச் செயலிகள். முரசு அஞ்சலும் செல்லினமும் தோன்றிய நாடு நமது. கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியை உலகுக்குக் காட்டியதில் மலேசியாவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் விசைப்பலகை வழியாகவே கடவுச்சொல்லும் காதல் மடலும் கடந்து செல்கின்றன. எந்த விசைப்பலகையாயினும், எத்தனை முறை பயன்பட்டது என எண்ணலாம். எது எழுதப்பட்டது என நோக்கலாகாது.

எதனைத் தேர்வது?

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் தேர்வு ஓரளவு தெளிவாகும். அறிவிப்புகளும் கட்டுரைகளும் கொண்ட சங்கத் தளத்துக்குப் பிளாசிபிள் போன்ற எளிய கருவி போதும். பல்லாண்டுத் தரவைப் பேண விரும்பும் நூலகமும் ஆவணகமும், பராமரிக்க ஆளிருப்பின் மட்டோமோவை நாடலாம். விளம்பரத்தாலும் விற்பனையாலும் நடக்கும் பதிப்பகத்துக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் பொருந்தும். பக்க மொழியையும் முதன்மை நிகழ்வுகளையும் தாமே வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும் காலத்தில் கிளாரிட்டியையோ பேஜ்சென்ஸையோ ஒரு மாதம் இயக்கி, குறை கண்டபின் நீக்கிவிடலாம். அகராதி, கற்றல் செயலிகளுக்கு நான்காம் வகைக் கருவி தேவை. அதிலும் ஐந்தாறு நிகழ்வுகளுக்கு மேல் திரட்டுவது பெரும்பாலும் வீணே.

எதனைத் தேர்ந்தாலும், நிறுவுவதற்குமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம்: எந்த முடிவை எடுக்க இந்த எண் வேண்டும்? அந்த எண் தமிழ் வாசகரைச் சரியாக எண்ணுகிறதா? திரட்டிய தரவை எப்போது அழிப்போம்? முதற்கேள்விக்கு விடையில்லையெனில் கருவியே வேண்டியதில்லை. இரண்டாவதற்கு விடை ஐயமாயின், தமிழ்ப் பகுதியைக் குறைப்பது பற்றிய எந்தத் தீர்மானத்தையும் அந்த எண்ணைக் கொண்டு நிறைவேற்ற இடமளித்தலாகாது. அத்தகைய தீர்மானம் உங்கள் சங்கத்திலோ பள்ளியிலோ பணியிடத்திலோ முன்வைக்கப்பட்டால், அறிக்கையில் 'மொழி' என்னும் நிரல் கருவியின் மொழியா, பக்கத்தின் மொழியா என்று முதலில் கேளுங்கள்.